தள்ளி நின்ற கேமரா

சண்டைக் காட்சியில் யார் ஜெயிப்பது என்பது எடிட்டிங் மேசைக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடும். எங்களுக்கு மிச்சமிருக்கும் வேலை வேறு. அடி விழும் நொடியில் பார்ப்பவரை எங்கே நிறுத்துவது? முஷ்டிக்குப் பக்கத்திலா, வாங்குபவன் முகத்துக்குப் பக்கத்திலா, தெருக்கோடியிலா? வழக்கமான பதிலைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். கை ஓங்கும்போது மிட் ஷாட், படும்போது க்ளோஸப், விழும்போது ஸ்லோ மோஷன். நான் எடிட் செய்த படங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான் வெட்டியிருக்கிறேன். அந்தப் படங்கள் அதைத்தான் கேட்டன, கொடுத்தேன். ஆனாலும் புதிதாக ஒரு சண்டைக் காட்சியின் ரஷ்ஷைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு பழைய வெஸ்டர்ன் படம் கூடவே ஓடும். வில்லியம் வைலர் இயக்கி 1958-இல் வெளிவந்த ‘தி பிக் கன்ட்ரி’.

அதில் ஒரு சண்டை. பொழுது இன்னும் விடியவில்லை. கிரிகரி பெக் நடிக்கும் ஜேம்ஸ் மெக்கே, பண்ணையின் ஃபோர்மேன் ஸ்டீவ் லீச் தூங்கும் அறைக்கு வருகிறான். லீச்சாக சார்ல்டன் ஹெஸ்டன். ஊரைவிட்டுக் கிளம்புகிறேன், சொல்லிக்கொண்டு போக வந்தேன் என்கிறான் மெக்கே. எதற்காக வந்திருக்கிறான் என்று இரண்டு பேருக்குமே தெரியும். லீச் எழுந்து சாவகாசமாக பேன்ட்டை மாட்டிக்கொள்கிறான். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. வெளியே வருகிறார்கள். வேடிக்கை பார்க்க ஒரு ஜீவன் இல்லை, சுற்றிலும் வெட்டவெளி.

ஆரம்ப அடிகள் கொஞ்சம் கிட்டத்தில் விழுகின்றன. பிறகு ஒரே கட்டில் வைலர் நம்மைத் தூக்கி எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிடுகிறார். மொட்டை மாடியில் நின்று பக்கத்துத் தெரு அடிதடியைப் பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு சின்ன உருவங்கள் மோதிக்கொள்கின்றன, ஒன்று விழுகிறது, எழுகிறது, மறுபடி போய் மோதுகிறது. எது பெக், எது ஹெஸ்டன் என்று கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியிருக்கிறது. தேடிப் பிடிப்பதற்குள் கிட்டத்தில் கொண்டுவந்து மூச்சிரைப்பைக் கேட்க வைக்கிறார். மறுபடி தூரம். முடிவில் இருவரும் நிற்கத் தெம்பில்லாமல் தள்ளாடுகிறார்கள். இதனால் எதை நிரூபித்துவிட்டோம் என்று மெக்கே கேட்கிறான். லீச்சிடம் பதில் இல்லை. மெக்கே கேட்பதற்கு வெகுநேரம் முன்பே அந்த லாங் ஷாட்டுகள் அதே கேள்வியைக் கேட்டுவிட்டன என்பதால்தான் அந்த வசனம் உபதேசமாக ஒலிப்பதில்லை.

இந்தச் சண்டையில் இசை முந்திக்கொண்டு வருவதில்லை. ஜெரோம் மோரஸ் இந்தப் படத்துக்குப் போட்ட இசை வெஸ்டர்ன் இசைக்கே ஒரு புதுப் பாணியைக் கொடுத்தது என்பார்கள், ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. அப்படிப்பட்ட இசையமைப்பாளரைக் கையில் வைத்துக்கொண்டு படத்தின் முக்கியமான அடிதடியில் அவரை அடக்கி வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அதைவிட எனக்கு வியப்பு, எஃபெக்ட்ஸை வைத்திருக்கும் விதம். கேமரா தள்ளிப் போனதும் அடியின் சத்தமும் தள்ளிப் போகிறது. மிக்ஸிங் தியேட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று தெரியும். வைட் ஷாட் வந்ததும் சத்தம் இறங்கினால், “என்ன சார், டல்லடிக்குதே” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். ஃபேடர் மேலே ஏறும். நூறடி தூரத்தில் விழும் குத்து காதுக்குப் பக்கத்தில் வெடிக்கும். கண் ஓர் இடத்தில், காது வேறோர் இடத்தில். அதன் பிறகு அந்த வைட் ஷாட்டுக்கு அர்த்தமே இல்லை.

வைலருக்கு ஒரு காது கேட்காது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைக்காக ஆவணப்படம் எடுத்தவர் அவர். 1945-இல் இத்தாலிமீது குண்டுவீச்சு விமானத்தில் பறந்து படமெடுத்தபோது செவித்திறன் போயிற்று. சத்தத்தின் தூரம் பற்றி அவருக்கு இத்தனை கவனம் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் படத்தைப் பார்க்கும்போது அந்த நினைப்பு வராமலும் இருப்பதில்லை.

இந்தச் சண்டைக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லிவிடுகிறேன். டெரில் குடும்பம், ஹானஸி குடும்பம் என்று இரண்டு மாட்டுப் பண்ணைகள். மேஜர் டெரில் வெள்ளை மாளிகையும் வேலையாட்களும் விருந்துமாக வாழ்பவர், சார்லஸ் பிக்ஃபோர்ட் நடித்தது. ரூஃபஸ் ஹானஸி பிளாங்கோ பள்ளத்தாக்கின் பாறைகளுக்கு நடுவே மகன்களோடும் பேரப்பிள்ளைகளோடும் குடிசைகளில் கிடப்பவர், பர்ல் ஐவ்ஸ். இருவருக்கும் நடுவில் பிக் மடி என்ற ஆற்றுப் பண்ணை. அது ஜூலி மராகன் என்ற பள்ளிக்கூட ஆசிரியையின் பாட்டன் சொத்து. அவள் இரண்டு பக்கத்து மாடுகளுக்கும் தண்ணீர் விடுகிறாள். இரண்டு கிழவர்களுக்குமே அந்த இடம் வேண்டும், அடுத்தவனுக்குத் தண்ணீர் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே வேண்டும்.

இது கதாசிரியர் இட்டுக்கட்டிய பகை அல்ல. அமெரிக்க மேற்கில் நிலத் தகராறு என்றால் பெரும்பாலும் தண்ணீர்த் தகராறுதான். 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒரு குடும்பம் 160 ஏக்கர் அரசு நிலத்தைக் கோர முடிந்தது. வறண்ட மேய்ச்சல் காட்டில் 160 ஏக்கரில் மாடு வளர்த்துப் பிழைக்க முடியாது. அதே 160 ஏக்கர் ஆற்றங்கரையில் அமைந்துவிட்டால் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கரும் கைக்குள் வந்த மாதிரி. தண்ணீரில்லாத காட்டுக்கு வேறு எவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவான்? அதனால்தான் மேஜர், ஹானஸியின் குடியிருப்புக்கு ஆட்களோடு வந்து தண்ணீர்த் தொட்டியைச் சுடச் சொல்கிறார். ஓட்டை வழியே தண்ணீர் பீறிட்டுக் கொட்டுவதைப் பெண்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த இடத்தில் வைலர் ஒரு கொலை காட்டியிருந்தால்கூட இத்தனை கோபம் வந்திருக்காது.

இந்த இருவருக்கு நடுவே கிழக்கிலிருந்து வந்து சேர்ந்தவன் மெக்கே. கப்பல் தலைவனாக இருந்தவன், மேஜரின் மகள் பெட்ரிஷியாவை மணக்க வந்திருக்கிறான். வந்த அன்றே ரூஃபஸின் மகன் பக் ஹானஸியும் கூட்டாளிகளும் வழிமறித்துக் கயிறு வீசி, தொப்பியைச் சுட்டு விளையாடுகிறார்கள். மெக்கே திருப்பி அடிக்கவில்லை. பெட்ரிஷியாவுக்கு அவமானமாகப் போகிறது. படத்தின் மீதிப் பகுதி முழுக்க அவளும் லீச் உள்ளிட்ட பண்ணையாட்களும் அவனுடைய வீரத்துக்குச் சாட்சி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவன் கொடுக்க மறுத்துக்கொண்டே இருக்கிறான். ஓல்ட் தண்டர் என்ற முரட்டுக் குதிரையை எல்லார் முன்னிலையிலும் ஏறச் சொன்னால் வேண்டாம் என்கிறான். எல்லாரும் போன பிறகு குதிரைக்காரர் ரமோன் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு, விழுந்து விழுந்து எழுந்து அதை அடக்குகிறான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறான். ரமோனாக நடித்த அல்ஃபோன்சோ பெடோயா படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துபோனார். அவர் முகத்தில் திகிலும் பெருமையும் மாறி மாறி வருவதை வைத்தே அந்தக் காட்சியை வெட்டியிருக்கிறார்கள். சாட்சி ஒருவர்தான் என்பதால் ரியாக்‌ஷன் ஷாட்டும் ஒருவருக்குத்தான்.

வழிமறிக்கும் காட்சிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு, எடிட்டர்கள் அதை ரசித்துச் சொல்வோம். பெக் இந்தப் படத்தில் நடிகர் மட்டுமல்ல, வைலரோடு சேர்ந்து தயாரிப்பாளரும்கூட. குதிரை வண்டியில் உட்கார்ந்தபடி தான் கொடுத்த க்ளோஸப் சரியில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று கேட்டார். ஒரு ஷாட்டை நாற்பது டேக் எடுக்கிறவர் என்று பெயர் வாங்கிய வைலர் இதை மட்டும் மறுத்துவிட்டார். பெக் கோபித்துக்கொண்டு செட்டைவிட்டே போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது. 1960-இல் ‘பென்-ஹர்’ படத்துக்காக வைலர் ஆஸ்கர் வாங்கியபோது பெக் கைகொடுத்து வாழ்த்தினார். நன்றி, ஆனாலும் அந்தக் குதிரை வண்டி ஷாட்டை மறுபடி எடுக்கப் போவதில்லை என்றாராம் வைலர்.

நடிகர் கண்ணில் பார்த்தால் பெக்கின் தவிப்பு நியாயம்தான். முழுப் படமும் அவன் கோழையா இல்லையா என்று கேட்கிறது. அவனுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டும் ஒரே வாய்ப்பு அந்த க்ளோஸப். ஆனால் அந்த வண்டிக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் வைலரின் பிடிவாதமும் புரிகிறது. அங்கே மெக்கேயின் முகம் நமக்கு அதிகம் சொல்லிவிடக் கூடாது. பெட்ரிஷியாவுக்கு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான் நமக்கும் தெரிய வேண்டும், நமக்கும் சின்னதாக ஒரு சந்தேகம் தட்ட வேண்டும். நல்ல க்ளோஸப் ஒன்று கிடைத்திருந்தால் எந்த எடிட்டரும் அதைப் போடாமல் இருக்க மாட்டார், நானும்தான். போட்டிருந்தால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு வேலையே இருந்திருக்காது.

தூரத்தை நம்பிப் படம் எடுக்க ஃபிலிமும் இடம் கொடுக்க வேண்டும். இது டெக்னிராமா முறையில் எடுக்கப்பட்ட படம். 35 எம்.எம். நெகட்டிவைக் கேமராவுக்குள் படுக்கைவசமாக ஓட்டி, ஒரு ஃப்ரேமுக்கு எட்டுத் துளைகள் என்று எடுப்பார்கள். சாதாரண ஃப்ரேமுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு பரப்பு கிடைக்கும். அதிலிருந்து சுருக்கிப் பிரிண்ட் போடும்போது கிரெய்ன் தெரியாது, அடிவானத்தில் போகிற ஒற்றைக் குதிரைக்காரன்கூடப் பிசிறில்லாமல் நிற்பான். ஒளிப்பதிவாளர் ஃப்ரான்ஸ் பிளானர், வைலரோடு ‘ரோமன் ஹாலிடே’யில் வேலை பார்த்தவர். கலிஃபோர்னியாவின் ரெட் ராக் பள்ளத்தாக்கை பிளாங்கோ பள்ளத்தாக்காக ஆக்கியவர் அவர்தான். அதன் வெளுத்த பாறைச் சுவர்கள் மனிதர்களை இன்னும் சிறுத்துக் காட்டுகின்றன. இதே படத்தைப் பழைய டிவி அளவுக்கு ஓரங்களை வெட்டிக் காட்டியபோது, அகலத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அப்படிப் பார்த்தவர்கள் இது ரொம்ப நீளமான, மெதுவான படம் என்று சொன்னால் அவர்கள்மேல் தப்பில்லை. மிச்சமிருந்த பகுதி மெதுவானதுதான்.

வைட் ஷாட்டின் நீளம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். க்ளோஸப்பைக் கண் உடனே படித்துவிடும், ஒரு செகண்ட் போதும். வைட்டில் கண் முதலில் தேட வேண்டும், கண்டுபிடிக்க வேண்டும், கண்டதை நம்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் பார்க்கவே ஆரம்பிக்கும். அதற்குள் வெட்டினால் அந்த ஷாட் வெறும் ஊர்ப்படம், ‘இது மலை, இது காடு’ என்று காட்டிவிட்டுப் போகும். நான் ஷாட்டைப் பார்க்கும்போது பென்சிலைக் கையில் வைத்துக்கொள்வேன். உருவத்தைக் கண்டுபிடித்த இடத்தில் மேசையில் ஒரு தட்டு. வெட்டலாம் என்று கை பரபரக்கும் இடத்தில் இன்னொரு தட்டு. இந்தப் படத்தின் சண்டையில் அந்த இரண்டாவது தட்டு விழுந்த பிறகும் ஷாட் ஓடுகிறது. அந்த மிச்ச நேரத்தில்தான் இவர்கள் ஏன் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்ற சலிப்பு நமக்கு வருகிறது. பார்வையாளருக்குச் சலிப்பு வந்தால் எடிட்டருக்கு வேலை போய்விடும் என்பது எங்கள் தொழிலின் பொது நம்பிக்கை. இங்கே அந்தச் சலிப்பைக் கணக்குப் பார்த்து வரவழைத்திருக்கிறார்கள். படத்தொகுப்பு என்று ராபர்ட் பெல்ச்சர், ஜான் ஃபோர் பெயர்கள் வரும். மேற்பார்வை எடிட்டர் ராபர்ட் ஸ்விங்க். டைட்டிலில் சால் பாஸ் செய்ததும் இதே கணக்குதான். கோச்சு வண்டியின் சக்கரமும் குளம்பும் திரை முழுக்க உருளும், அடுத்த ஷாட்டில் அதே வண்டி வெட்டவெளியில் புள்ளியாகப் போகும்.

எல்லா இடத்திலும் வைலர் தள்ளியே நிற்கவில்லை. டெரில் மாளிகையில் விருந்து நடக்கும்போது ரூஃபஸ் துப்பாக்கியோடு நேரே கூடத்துக்குள் வருகிறார். ஆட்டம் நிற்கிறது. தன் குடியிருப்பில் புகுந்து பெண்டுபிள்ளைகளை மிரட்டியதற்காக, அத்தனை விருந்தாளிகள் முன்னால் மேஜரைப் பெரிய மனிதன் வேடம் போடுபவன் என்று கிழித்துவிட்டு, முடிந்தால் முதுகில் சுடு என்று திரும்பி நடக்கிறார். அங்கே கேமரா ஐவ்ஸின் பெரிய உடம்பையும் குரலையும் விட்டு எங்கும் ஓடுவதில்லை. அவ்வளவு நேரம் பொறுக்கி என்று நாம் நினைத்திருந்த ஆள் ஒரே காட்சியில் கௌரவமான மனிதராகிவிடுகிறார். துணை நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது.

அடுத்து பள்ளத்தாக்கு நுழைவாயில். எனக்குப் படத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான், சண்டைகூட இதற்கு அடுத்ததுதான். ரூஃபஸின் ஆட்கள் ஜூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு, மேஜர் வரட்டும் என்று பாறைகளுக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள். உள்ளே போனால் சாவு என்று லீச்சுக்குத் தெரியும். மேஜரைத் தகப்பனாக நினைத்து வளர்ந்தவன் முதல் தடவையாக வரமாட்டேன் என்கிறான். மற்றவர்களும் நகரவில்லை. கிழவர் ஒருவரையும் திட்டவில்லை, தன்னந்தனியாகக் குதிரையைத் திருப்பி உள்ளே போகிறார். கொஞ்ச தூரத்துக்குக் குளம்புச் சத்தம். பிறகு பின்னாலிருந்து இன்னொரு குதிரை வந்து சேர்கிறது, லீச். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மேஜர் பக்கவாட்டில் பார்க்கிறார், உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு. பின்னாலேயே மற்றவர்களும் வருகிறார்கள். ஆள் சேரச் சேர மோரஸின் இசை ஏறுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கதைப்படி இது படுமுட்டாள்தனம். பொய்க் கௌரவத்துக்காக ஒரு கிழவர் சாகப் போகிறார், சரி எது என்று தெரிந்த ஒருவன் தெரிந்தே கூடப் போகிறான். மெக்கே இரண்டு மணி நேரமாக எதிர்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். ஆனால் பார்க்கும்போது மயிர்க்கூச்செறிகிறது. வைலர் இங்கே மட்டும் நம்மை அவர்களோடு குதிரையேற்றிக் கூட்டிப் போகிறார். இசை கொடுக்கிறார், முகம் கொடுக்கிறார், சிரிப்பையும் கொடுக்கிறார். விசுவாசம் என்பது கிட்டத்தில் எத்தனை அழகாக இருக்கும் என்று காட்டாமல் அதன் கேட்டைக் காட்ட முடியாது என்று நினைத்திருப்பார். இந்தக் காட்சியையும் தூரத்தில் வைத்திருந்தால் படம் புத்தி சொல்கிற படமாகப் போயிருக்கும்.

அதற்கு நேரெதிர், கிழவர்கள் இருவரின் முடிவு. அதற்குச் சற்று முன்னால்தான், ஜூலிக்காக அங்கே வந்த மெக்கேயோடு நடந்த துப்பாக்கிப் போட்டியில் பக் சைகைக்கு முன்பே சுட்டு, பிறகு தன் முறை வந்ததும் நடுங்கி ஒளிந்து, கடைசியில் இன்னொருவன் துப்பாக்கியைப் பறித்து மெக்கேயைச் சுடப் போய், பெற்ற தகப்பன் கையாலேயே சாகிறான். மகனைச் சுட்ட கையோடு ரூஃபஸ் துப்பாக்கிச் சண்டையை நிறுத்தச் சொல்கிறார். பகை நம் இரண்டு பேருக்குத்தான், நீயும் நானும் மட்டும் வருவோம் என்று மேஜரை அழைக்கிறார். ஆளுக்கொரு துப்பாக்கியோடு வெள்ளைப் பாறைகளுக்கு நடுவில் ஒருவரை ஒருவர் நெருங்குகிறார்கள். இத்தனை வருஷப் பகை, இரண்டே முக்கால் மணி நேரப் படத்தின் உச்சம். எங்கள் ஊர் ஸ்டன்ட் மாஸ்டரிடம் கொடுத்தால் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் எடுத்துக் கொடுப்பார். வைலர் சுருக்கமாக முடித்துவிடுகிறார். இருவருமே விழுகிறார்கள். உயரத்திலிருந்து பார்க்கும்போது எது மாளிகைக்காரர், எது குடிசைக்காரர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

படத்தில் எனக்கு ஒவ்வாதவையும் உண்டு. பெட்ரிஷியாவுக்கு எழுத்தாளர்கள் நியாயம் செய்யவில்லை. அப்பாவின் கண்ணால் உலகத்தைப் பார்த்து வளர்ந்த பெண்ணை வெறும் பிடிவாதக்காரியாக்கி, ஜூலிக்கு வழிவிடச் செய்துவிட்டார்கள். திரைக்கதை, தழுவல் என்று ஐந்து பேர் பெயர் வருவதைப் பார்த்தால் ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தது தெரிகிறது. முடிவும் அவசரம். பகை தீர்ந்ததும் மெக்கே, ஜூலி, ரமோன் மூவரும் குதிரைகளில் விரிந்த வெளியைப் பார்த்துக் கிளம்பிவிடுகிறார்கள், மோரஸ் மறுபடி முழு வாத்தியக் குழுவோடு வந்துவிடுகிறார். தகப்பனை இழந்த பெட்ரிஷியா என்ன ஆனாள், தலைவனில்லாத இரண்டு பண்ணைகள் என்ன ஆயின என்று 166 நிமிடப் படம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆனால் அந்த முடிவைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை, காரணம் சொந்தத் தொழில் பாசம். ‘பென்-ஹர்’ வேலைக்காக வைலர் ரோமுக்குப் போக வேண்டியிருந்ததால் இறுதிக் காட்சியை எடுக்கும் பொறுப்பை ஸ்விங்கிடம் விட்டுவிட்டுப் போனார். எடிட்டர் கையில் கேமரா! பார்த்துவிட்டு வைலர் மகிழ்ந்துபோய்க் கடிதம் எழுதினார். மேசையில் என்ன ஷாட் குறையும் என்று யோசித்தே ஸ்விங்க் ஒவ்வொன்றையும் எடுத்திருப்பார். நான் அங்கே இருந்திருந்தால் அவரிடம் கூடுதலாக ஒன்றே ஒன்று கேட்டிருப்பேன், லீச்சுக்கு ஒரு ஷாட். கிழவர் போய்விட்டார், நாளைக் காலையில் யாரிடம் போய் என்ன வேலை என்று கேட்பது என்று தெரியாமல் நிற்கிற லீச். மிட் ஷாட் போதும், ஆறு செகண்ட், இசை வேண்டாம்.